படுத்துக் கிடந்த ஏரியல்

இரண்டு நாளாக நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது ரொட்டி சானாய் கடையில்தான் எனக்கே தெரிந்தது. சனிக்கிழமை காலை. மாவு வீசிக்கொண்டிருந்தவர், "என்ன அங்கள், வழக்கம் போலவா?" என்று கேட்டார். "ஆமா, ரெண்டு ரொட்டி, ஒரு தே" என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. கனைத்துக்கொண்டு மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. "சளியா அங்கள்?" என்றார். சளியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டுச் சீன அம்மாவிடம் குப்பை லாரி வந்துவிட்டதா என்று கேட்டேன். அதற்குப் பிறகு என் தொண்டைக்கு வேலையே இருக்கவில்லை.

மனைவி இறந்து அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. நான் இருபத்தாறு வருடம் எங்கள் ஊர் பொந்தியானிலிருந்து, கடலைத் தாண்டும் இரண்டாவது பாலம் வழியாக மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போய்வந்தவன். விடியுமுன் கிளம்பி, இருட்டிய பிறகு திரும்பி, சாப்பிட்டுத் தூங்குவேன். வேலையை விட்ட அன்று, "இனிமே நாள் முழுக்க உங்க மூஞ்சியத்தான் பாக்கணுமா?" என்று அவள் கேலி செய்தாள். ஏழு மாதம்தான் பார்த்தாள். எனக்கு அதில் இன்றுவரை கோபம் உண்டு. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

எங்களுக்கு ஒரே மகள். கோலாலம்பூரில் பதினான்காவது மாடியில் இருக்கிறாள், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவறாமல் போன் செய்வாள். "சாப்டீங்களா பா, மருந்து போட்டீங்களா பா, கதவு பூட்டுனீங்களா பா" என்று வரிசையாகக் கேட்பாள். நான் வரிசையாக ஆமாம் போடுவேன். கடைசியில், "தனியா இருந்து என்னா பா பண்றீங்க? வீட்ட பூட்டிட்டு இங்க வந்துருங்க லா" என்பாள். அவள் வீட்டில் எனக்கு ஒரு அறை இருக்கிறது. அந்த அறையில் ஒரு ஜன்னல், அந்த ஜன்னலுக்கு எதிரே இன்னொரு கட்டடத்தின் ஜன்னல். இரண்டு முறை போய்ப் பத்து நாள் தங்கியிருக்கிறேன். பேச்சற்ற வீட்டை விட்டுப் பேச்சற்ற அறைக்குப் போவதில் எனக்கு என்ன லாபம்?

ரேடியோ ஆசை வந்தது அந்த ரொட்டிக் கடைச் சனிக்கிழமைக்குப் பிறகுதான். தொழிற்சாலையில் காவலர்கள் வாக்கி டாக்கியில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அதையே பெரிய அளவில், தேர்வு எழுதி உரிமம் வாங்கி, வீட்டிலிருந்தே ஊர் விட்டு ஊர் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரியும். அவர்களுக்குப் பெயருக்குப் பதில் அரசாங்கம் கொடுத்த அழைப்புக்குறி, அதாவது சில எழுத்தும் எண்ணும். அதுதான் எனக்குப் பிடித்தது. கோயிலுக்குப் போனால் 'பாவம், சம்சாரம் போயிட்டாங்க' என்று தலையைச் சாய்த்துப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வை இல்லாமல் ஒரு மனிதக்குரல் எனக்கு வேண்டியிருந்தது. என் கதை தெரியாத ஒருவர், என் அழைப்புக்குறியைத் தன் வாயால் சொல்லி என்னைக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அறுபது வயதில் புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்தேன். தேர்வில் தேறினேன். மகளிடம் சொன்னபோது, "எதுக்குப்பா இதெல்லாம்? போன் இருக்குல்ல?" என்றாள். சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "போன்ல யாரு இருக்கா, நீ ஒருத்திதான இருக்க? தீபாவளி வரைக்கும் டைம் குடு. அதுக்குள்ள பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் கெடைக்கலன்னா நானே பெட்டிய கட்டிக்கிட்டு வந்துர்றேன்" என்றேன். அவள் கெட்டிக்காரி. "சத்தியமா?" என்று கேட்டாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஜொகூர் பாருவில் ஒரு கடைக்குப் போனேன். கையில் பிடிக்கும் சின்ன செட்டுதான் எல்லாரும் முதலில் வாங்குவது, விலையும் குறைவு என்றார் கடைக்காரர். அது எங்கள் தாமான் குடியிருப்பைத் தாண்டாது என்று எனக்குத் தெரியும். பொந்தியான் தட்டையான ஊர், கடல் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே இருந்தால் அதிகம். காரில் பூட்டுகிற மாதிரி செட்டு ஒன்றை எடுத்தேன். அதற்குப் பன்னிரண்டு வோல்ட் மின்சாரம் தர ஒரு பெட்டி, ஏரியல் சரியாக இருக்கிறதா என்று காட்ட ஒரு ஊசி மீட்டர், தடித்த கேபிள் இருபது மீட்டர். வடமேற்கே ஒரு மலை உச்சியில் ரிப்பீட்டர் இருக்கிறது. நாம் பேசுவதை அது வாங்கி, பெரிய சக்தியில் மாநிலம் முழுக்கத் திருப்பி அனுப்பும். அந்த மலை எங்கள் ஊரிலிருந்து வெகுதூரம். ஆகவே ஒரே பக்கம் பார்க்கிற ஏரியல் வேண்டும், அதாவது ஒரு தண்டில் குறுக்கே கம்பிகள் வைத்த மீன்முள் ஏரியல். கடைக்காரர் அதைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "அங்கள், மாட்டும்போது ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும் தெரியும்" என்று கையை ஆட்டினேன். "நான் ஏரியல் மாட்ட ஆரம்பிச்சப்ப நீங்க ஸ்கூலுக்கே போயிருக்க மாட்டீங்க."

அது சும்மா சொன்ன பெருமை இல்லை. எங்கள் ஜொகூர் மாநிலத்தில் அந்தக் காலத்தில் வீடு கட்டியவர்கள் எல்லாருக்கும் தெரியும், கூரைக்கு மேலே மீன்முள் இல்லாத வீடே கிடையாது. எல்லா முள்ளும் சிங்கப்பூரைப் பார்த்துப் படுத்திருக்கும். அங்கே போடுகிற தமிழ்ப் படத்தைப் பிடிக்கத்தான். எங்கள் தாமானில் பாதி வீட்டுக்கு நான்தான் மாட்டிக்கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை என்றால், "அண்ணே, எங்க வீட்டு டிவியில மழையா பெய்யுது, கொஞ்சம் பாருங்களேன்" என்று யாராவது வாசலில் நிற்பார்கள்.

ஏரியல் மாட்டுவது இரண்டு ஆள் வேலை. மேலே ஒருவர் கம்பத்தைத் திருப்ப வேண்டும், கீழே ஒருவர் டிவி முன்னால் நின்று குரல் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அவள்தான் கீழே. நான் கார் நிறுத்தும் போர்ச்சின் சிமெண்டுத் தட்டின் மேல் நின்றுகொண்டு, "தெரியுதா?" என்று கத்துவேன். ஹால் ஜன்னல் வழியாக, "இல்ல, பொட்டு பொட்டா இருக்கு! இன்னும் கொஞ்சம் திருப்புங்க!" என்று பதில் வரும். திருப்புவேன். "தெரியுதா?" "அலமாக், இருந்ததும் போயிருச்சு! பின்னால பின்னால!" எனக்கு எரிச்சல் வரும், வெயில் மண்டையைப் பிளக்கும், அவள் கீழே சிரிப்பாள். கடைசியில், "வந்துருச்சு! அப்படியே விடுங்க, அசையாதீங்க!" என்று ஒரு சத்தம் வரும். அந்த 'வந்துருச்சு'வுக்காக வெயிலில் நின்றது எல்லாம் மறந்துபோகும். நான் இறங்கி வருவதற்குள் அவள் படத்தில் மூழ்கியிருப்பாள், என்னைத் திரும்பியும் பார்க்க மாட்டாள்.

டிவி ஏரியல் என்றைக்கோ துருப்பிடித்துப் போய்விட்டது. கம்பம் மட்டும் போர்ச்சின் ஓரத்தில் அப்படியே நின்றிருந்தது. அதே கம்பத்தில், அதே பழைய பிடிப்பில், புது மீன்முள்ளைப் பூட்டினேன். பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. அதில் ஏரியலின் முட்கள் வானத்துக்கும் பூமிக்குமாக நிற்பது மாதிரி ஒரு படம். சீனாவில் அச்சடித்தவன் படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். சிரிப்புக்கூட வந்தது. தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டேன்.

கீழே நிற்க ஆளில்லை. ஏணியில் ஏறி, திசைகாட்டியை வைத்து வடமேற்கில் மலை இருக்கும் பக்கம் திருப்பி, இறங்கி வந்து செட்டைப் பார்த்து, மறுபடி ஏறினேன். மூன்றாம் முறை ஏறியபோது, என்னை அறியாமல் ஜன்னல் பக்கம் குனிந்து வாயைத் திறந்துவிட்டேன். சத்தம் வருமுன் மூடிக்கொண்டேன். பக்கத்து வீட்டு அம்மா பூச்சட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, "அடடே, அங்கள், மறுபடி டிவி ஏரியலா? ரொம்ப அழகா மாட்டியிருக்கீங்க" என்று மலாயில் சொன்னார். அந்தத் தெருவில் யார் பார்த்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். மீட்டரின் ஊசியும் பச்சையிலேயே நின்றது. வேறென்ன வேண்டும்?

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த ரிப்பீட்டரில் ஒரு கூட்டம் நடக்கும். ஒருவர் தலைமை தாங்கி அழைப்பார். கேட்டுக்கொண்டிருக்கும் நிலையங்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் அழைப்புக்குறியைச் சொல்லும். அவர் அதைத் திருப்பிச் சொல்லி, நலம் விசாரித்து, நோட்டில் எழுதிக்கொள்வார். எங்கள் கூட்டத்தை நடத்தியவர் மூவார் ஊர்க்காரர் ஒருவர், மரச்சாமான் பட்டறையில் இருந்து ஓய்வு பெற்ற மலாய்க்காரர். பேச்சில் ஒரு நிதானம். ஒவ்வொருவர் முடித்த பிறகும் இரண்டு மூச்சு இடைவெளி விடுவார். அது அவர்களிடம் ஒரு பழக்கம். நடுவில் யாராவது அவசரமாக நுழைய வேண்டியிருந்தால் நுழையட்டும் என்று விடுகிற இடம்.

ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சட்டை மாற்றிக்கொண்டு செட்டு முன்னால் உட்கார்ந்தேன். ரேடியோவில் பேச எதற்குச் சட்டை என்று கேட்காதீர்கள். எல்லாருடைய குரலும் லேசான இரைச்சலோடு, ஆனால் தெளிவாகக் கேட்டது. "வேறு யாராவது?" என்று அவர் கேட்டதும் பொத்தானை அழுத்தி என் குறியைச் சொன்னேன். விட்டேன். காத்திருந்தேன்.

"ஸ்டேசென் லெமா" என்றார் அவர். பலவீனமான நிலையம் என்று அர்த்தம். "பலவீனமான ஸ்டேஷன் ஒன்று வந்தது, குறி கிடைக்கவில்லை. மறுபடி சொல்லுங்கள்."

எவனோ ஒருவன் கையடக்கச் செட்டை வைத்துக்கொண்டு நான் பேசிய அதே நேரத்தில் குறுக்கே வந்துவிட்டான் என்று எண்ணினேன். பாவம் என்று அவனுக்கு வழிவிட்டேன். அவனும் பேசவில்லை. அவர் இரண்டு மூச்சு காத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்.

மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும். நான் கூப்பிடுவேன், அவர் அந்தப் பலவீனமான ஸ்டேஷனை விசாரிப்பார், என்னைச் சீந்த மாட்டார். ஒரு வாரம் பொறுத்தேன். ஒரு மாதம் பொறுத்தேன். 'இவ்வளவு நல்ல செட்டு, இவ்வளவு தடித்த கேபிள், ஊசி பச்சையில் நிற்கிறது, என் குரல் கணீரென்று போகும். அது இவர் காதில் விழாதா? எல்லாம் பழைய ஆட்கள், ஒருவரை ஒருவர் வருடக்கணக்கில் தெரிந்தவர்கள். புது ஆளைச் சேர்க்க மனசில்லை' என்று முடிவு கட்டினேன். அந்தப் பலவீனமான ஸ்டேஷன் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லவே கூடாது. உருப்படியாக ஒரு செட்டு வாங்கத் துப்பில்லாதவன், தினமும் வந்து என் இடத்தைக் கெடுக்கிறான்!

ஆனாலும் ஒருநாள் விடாமல் ஆறு மணிக்கு உட்கார்ந்தேன். அதுதான் அந்த நாளில் நான் வாய் திறக்கிற நேரம். மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அவர்கள் எல்லாரையும் தெரிந்துவிட்டது. ஒருவருக்கு முட்டி வலி, ஒருவர் பெக்கான் நானாஸில் அன்னாசி போட்டிருக்கிறார், ஒருவர் மகளுக்குக் கல்யாணம். என்னை அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. கூட்டம் முடிந்து மூவார்க்காரர் எல்லாருக்கும் நன்றி சொல்லி விடை கொடுத்ததும், ஸ்பீக்கரில் இரைச்சல்கூட அடங்கிவிடும். அந்த நிமிடம்தான் எனக்கு நாளிலேயே மோசமான நிமிடம். பல நாள் செட்டை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்திருப்பேன்.

புரட்டாசி பாதி போய்விட்டது. தீபாவளிக்கு மாதம்கூட இல்லை. அலமாரி மேலிருந்து துணிப்பெட்டியை இறக்கித் துடைத்துக் கட்டிலடியில் வைத்தேன். கொடுத்த வாக்கு. அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வழக்கத்தைவிடத் தாமதமாக, சரியாக ஆறு மணிக்குப் போன் செய்தாள். "இரு மா, ஒரு நிமிஷம்" என்று போனை மேசை மேல் வைத்துவிட்டு, பொத்தானை அழுத்தி என் குறியைச் சொன்னேன். "ஸ்டேசென் லெமா, சிலா உலாங்" என்றார் மூவார்க்காரர். திரும்பச் சொல்லுங்கள் என்று.

போனுக்குள்ளிருந்து மகள், "அப்பா, அவரு திருப்பிச் சொல்லச் சொல்றாருல்ல, சொல்லுங்க" என்றாள்.

"அது எனக்கில்ல. வேற ஒருத்தன்."

"வேற யாருமே பேசலியே பா. நீங்க பேசி முடிச்சதும்தான அவரு சொன்னாரு? உங்களத்தான் சொல்றாரு."

"என்னோடது வீக் ஸ்டேஷனா? உனக்கு என்னா தெரியும் இதப்பத்தி?" என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அவளிடம் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. சரியான இடத்தில் குத்திவிட்டாள், அதனால்தான் கத்தினேன். இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. ஐந்து மாதமாக அந்தப் பலவீனமான ஆள் எனக்கு முன்னால் ஒருதடவைகூட வந்ததில்லை, எனக்குப் பின்னால்தான் வந்திருக்கிறான் என்பதை ஒவ்வொரு நாளாக எண்ணிப் பார்த்தேன். எண்ண எண்ண முகம் சூடாகிக்கொண்டே போனது.

திங்கட்கிழமை ஆறு மணிக்குச் செட்டைப் போட்டேன், ஆனால் பேசவில்லை. வெட்கம் பாதி, வீம்பு பாதி. எல்லாரும் வந்துபோனார்கள். முட்டி வலிக்காரருக்கு வலி குறைந்திருந்தது. "வேறு யாராவது?" என்று மூவார்க்காரர் கேட்டார். இரண்டு மூச்சு விட்டார். வழக்கமாக அங்கே முடித்துவிடுவார். அன்று முடிக்கவில்லை.

"எல்லாரும் கொஞ்சம் பொறுங்க" என்றார். அவர் பேசியது மலாய், எனக்கு இன்றைக்கும் வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "அந்த பலவீனமான ஸ்டேஷன் இன்னிக்கு வரல. நேத்து வரைக்கும் ஒருநாள் தப்பாம வந்தவரு. நண்பரே, உடம்பு கிடம்பு சரியில்லையா? கேட்டுக்கிட்டிருந்தா பேச வேணாம், பட்டன ஒரு தடவ அழுத்துனா போதும்."

நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகை வந்தது, அதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. அவள் போன பிறகு, நான் வராததைக் கவனித்த முதல் ஆள் அவர். அழுத்தினேன்.

"அல்ஹம்துலில்லா, இருக்காரு" என்றார். பின்னால் இரண்டு மூன்று பேர் பொத்தானைத் தட்டி மகிழ்ச்சி தெரிவித்தார்கள். "உங்க குரல் இரைச்சல்ல முங்கிப் போவுது, ஆனா தட்டுறது தெரியுது. நான் கேக்குறேன். ஆமான்னா ஒண்ணு, இல்லன்னா ரெண்டு. ஜொகூர்தானா?"

ஒன்று.

"தெக்கால கடலோரமா?"

ஒன்று.

"மீன்முள் ஏரியலா?"

ஒன்று. பெருமையோடு அழுத்தினேன்.

"முள்ளு எல்லாம் மேலயும் கீழயுமா நிக்குதா?"

எனக்குக் கடைக்காரர் நினைவுக்கு வந்தார். கசக்கிப் போட்ட தாளும் நினைவுக்கு வந்தது. இரண்டு.

"படுத்திருக்கா? டிவி ஏரியல் மாதிரி?"

ஒன்று.

"அலமாக்!" என்று யாரோ சிரித்துவிட்டார்கள். மூவார்க்காரர் சிரிக்கவில்லை, அல்லது பொத்தானை விட்ட பிறகு சிரித்திருக்க வேண்டும். "நீங்க சிங்கப்பூர் டிவி பாத்த ஆளு போல. அது படுக்க வெக்கிறது. நாங்க பேசறது நிக்க வெச்சு. ரிப்பீட்டர் நிக்கிது, நீங்க படுத்திருக்கீங்க, அதான் ஒருத்தருக்கொருத்தர் சேரல. மலை மேல இருக்கறதுக்குச் சக்தி ஜாஸ்தி, அதனால உங்களுக்கு நாங்க கேக்கறோம். எங்களுக்கு நீங்க கேக்கல. நாளைக்கு அத நிமித்தி மாட்டுங்க. அப்புறம் கம்பத்த திருப்பி பாக்கணும், அதுக்கு மேல ஒரு ஆளு, கீழ ஒரு ஆளு வேணும். வீட்ல யாராச்சும் இருக்காங்களா?"

என் கட்டைவிரல் பொத்தானின் மேல் நின்றது. பொய்யாக ஒன்று அழுத்திவிடலாம். யாருடைய பரிதாபமும் வேண்டாம் என்றுதானே இந்த இடத்துக்கு வந்தேன். மாநிலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இரண்டு தடவை அழுத்தினேன்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. இரண்டு மூச்சு விட்டு அவர் சொன்னார்: "சரி. நாளைக்கு அஞ்சரைக்கு, கூட்டத்துக்கு முன்னாலயே வாங்க. நீங்க மேல நில்லுங்க. நான் கீழ நிக்கிறேன்."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மழை மிரட்டிவிட்டுப் போனது. மூன்று மணிக்கு ஏணியில் ஏறி, கம்பத்தை இறக்கி, பிடிப்பைக் கழற்றி, முட்களை நிமிர்த்திப் பூட்டினேன். பக்கத்து வீட்டு அம்மா, "ஏன் அங்கள், நல்லாதான இருந்துச்சு?" என்று வருத்தப்பட்டார். கேபிள் அவிழாமல் கம்பத்தைத் தூக்கி நிறுத்த முக்கால் மணி நேரம் பிடித்தது. பிறகு செட்டையும் மோட்டார் சைக்கிள் பேட்டரியையும் ஒவ்வொன்றாக மேலே தூக்கிக்கொண்டு போய்ப் போர்ச்சுத் தட்டில் வைத்தேன். ஏரியல் பக்கத்தில் நிற்பதால் சக்தியை மிகக் குறைவாக வைத்துக்கொண்டேன். ஐந்தரைக்கு இடது கையில் கம்பம், வலது கையில் மைக். வெயில் சாய்ந்திருந்தது. தெருவில் யாரும் இல்லை.

அழுத்தி, "கேக்குதா?" என்று மலாயில் கேட்டேன்.

"கேக்குது! இரைச்சல் இருக்கு, ஆனா ஆளு வந்துட்டாரு" என்றார். "திருப்புங்க. மெதுவா. சிக்கிட் லாகி... சிக்கிட் லாகி..." இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றுதான் சொன்னார். நான் திருப்பித் திருப்பி ஒவ்வொரு தடவையும் அழுத்தி ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன். "ஆ, போச்சு போச்சு! பின்னால வாங்க, பின்னால!"

வெயில், கம்பத்தின் துரு, காலடியில் செட்டிலிருந்து வருகிற அந்தப் 'பின்னால பின்னால'. எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. கம்பத்தை ஒரு விரல் அளவு திருப்பிவிட்டு, மைக்கை அழுத்தி, முழுக் குரலில், தமிழில், "தெரியுதா?" என்று கத்தினேன்.

பொத்தானை விட்ட பிறகுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது.

"இப்ப கண்ணாடி மாதிரி இருக்கு. அசையாதீங்க" என்றார் மூவார்க்காரர். பிறகு, "கடைசியா என்னமோ சொன்னீங்களே, அது எனக்குப் புரியல நண்பரே" என்றார்.

மறைக்கலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. "அது என் மனைவிகிட்ட கேக்கறது" என்றேன். "டிவி ஏரியல் மாட்டும்போது அவதான் கீழ நிப்பா. இப்ப இல்ல."

அவர் விட்ட இடைவெளி அன்று இரண்டு மூச்சைவிட நீளம். பாவம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

"என் நோட்டு என் முன்னால இருக்கு" என்றார். "ஏப்ரல்லேருந்து ஒவ்வொரு நாளுக்கும் கீழ ஒரு வரி எழுதி வெச்சிருக்கேன். நேரம் போடுவேன், பலவீனமான ஸ்டேஷன்னு போடுவேன், குறி எழுதற எடத்த மட்டும் காலியா விடுவேன். என்னைக்காவது கெடைக்கும்னு. பக்கம் பக்கமா காலியா கெடக்கு. பென்சில் கையில இருக்கு. இப்ப உங்க குறிய மெதுவா சொல்லுங்க, எல்லா வரியிலயும் எழுதணும்."

சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாக, எண்ணாக, அவர் எழுதுவதற்கு நேரம் விட்டுச் சொன்னேன். அவர் அதை அப்படியே, ஒன்றுகூடத் தப்பாமல், தன் வாயால் திருப்பிச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். தீபாவளிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

கம்பம் அசையாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கீழே ஹாலில் யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஜன்னல் பக்கம் குனிந்து, "வந்துருச்சு மா" என்று சத்தமாகச் சொன்னேன்.